இரக்கத்தின் அன்னையின் ஆற்றங்கரையில்



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். எந்த ஊர் என்று தெரியாமலே நம் வீட்டு நாள்காட்டியில் அது தொங்கியிருக்கும். செங்குத்தான கருங்கல் மலைகள், அவற்றின் உச்சியிலிருந்து விழும் அருவிகள், கீழே புல்வெளி நடுவே நெளிந்து செல்லும் ஓர் ஆறு. அந்த ஆற்றின் பெயர் மெர்செட். 1806-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், கேப்ரியல் மொராகா என்ற இஸ்பானியப் படைத்தலைவரின் குழு, வறண்ட சமவெளியைக் கடந்து தாகத்தோடு அந்த ஆற்றை வந்தடைந்தது. செப்டம்பர் 24-இல் வரும் இரக்கத்தின் அன்னையின் திருநாள் கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. ஆகவே அன்னையின் பெயரையே ஆற்றுக்கு வைத்தார்கள். 'மெர்செட்' என்றால் இரக்கம். (அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பூர்வகுடி மக்கள் அந்த ஆற்றை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது வரைபடத்தில் இடம்பெறவில்லை.)

அந்தப் பள்ளத்தாக்கை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அங்கே நட்டுவைத்திருக்கும் ஒரு பலகையின் படம் என் மனதில் தங்கிவிட்டது. புல்வெளியோரம் ஒரு கம்பம். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கோடு. 1997 ஜனவரியில் வெள்ளம் இந்த மட்டம் வரை வந்தது என்று அது சொல்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து புயல், வெள்ளம் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடுதான் நினைவுக்கு வருகிறது.

1997-இல் என்ன நடந்தது? டிசம்பர் மாதத்தில் சியரா நெவாடா மலைத்தொடரில் பனி நன்றாகக் கொட்டியிருந்தது. மலைமேல் விழும் பனி உடனே ஓடிவிடுவதில்லை. அது சேமிப்புக் கணக்கில் போட்ட பணம் போல அங்கேயே கிடந்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக உருகிச் சமவெளியின் வயல்களுக்கு வந்து சேரும். ஆனால் அந்த ஆண்டு முடிவில் ஹவாய்த் தீவுகளின் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று பெருமளவில் வந்து மலையில் மோதியது. அங்குள்ளவர்கள் இதைப் 'பைன்ஆப்பிள் எக்ஸ்பிரஸ்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அறிவியலாளர்கள் இந்த வகையை 'வளிமண்டல ஆறு' என்கிறார்கள். வழக்கமாகப் பனியாக விழவேண்டிய உயரத்தில் மழையாக விழுந்தது. மழையும் ஓடியது, அடியிலிருந்த பனியும் கரைந்து கூடவே ஓடியது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய தண்ணீர் சில நாள்களில் இறங்கிவிட்டது.

ஜனவரி 2 இரவு மெர்செட் ஆறு உச்சத்தைத் தொட்டது. பள்ளத்தாக்கின் மேற்கு முனையில் போஹோனோ பாலத்தருகே ஆற்றின் மட்டத்தை நூறாண்டுக்கும் மேலாக அளந்துவருகிறார்கள். அங்கே பத்து அடியைத் தாண்டினால் வெள்ளம் என்று கணக்கு. அன்று 23 அடியைத் தாண்டியது. நொடிக்கு 24,000 கனஅடிக்கும் அதிகமான நீர் அந்தக் குறுகிய இடத்தின் வழியாகப் பாய்ந்தது. சாலைகள் அரித்துப் போயின. கழிவுநீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் அறுந்தன. யோசெமிட்டி லாட்ஜ் என்ற விடுதி தன் அறைகளில் ஏறத்தாழ பாதியை இழந்தது. ஆற்றங்கரையில் இருந்த கூடார முகாம்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்கள் போயின. மார்ச் 14 வரை பள்ளத்தாக்கு மக்களுக்கு மூடப்பட்டது. சேதம் ஏறத்தாழ 18 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். இது பூங்காவின் கதை மட்டும். அதே புயல் கீழே சமவெளியிலும் கரைகளை உடைத்தது. மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

இது முன் அறிவிப்பு இல்லாமல் வந்த விபத்தா? இல்லை. 1937 டிசம்பர், 1950 நவம்பர், 1955 டிசம்பர் என்று இதே ஆறு இதே வகையில், குளிர்காலத்து மழை பனிமேல் விழுந்து, மூன்று முறை பெருகியிருந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் எங்கெங்கே நின்றது என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதே இடத்தில் கூடாரங்களும் அறைகளும் மறுபடி எழுந்தன. வெள்ளம் வடிந்த இரண்டாம் கோடையில் எல்லாருக்கும் மறந்துவிடுகிறது. இதில் அமெரிக்கர் என்ன, வேறு யார் என்ன!

ஆற்றையும் நாம் சும்மா விடவில்லை. 1879-இல், பூங்காவின் முதல் காவலரான கேலன் கிளார்க், எல் கேப்பிட்டன் பாறைக்கு அருகே பழைய பனியாறு விட்டுச்சென்ற கற்குவியலை வெடிவைத்துத் தகர்த்தார். புல்வெளியில் தேங்கும் நீர் சீக்கிரம் வடியட்டும் என்பது அவர் எண்ணம். அதனால் ஆற்றின் படுகை ஆழமானது, புல்வெளிகள் காய்ந்தன. பிறகு 1920-களின் கடைசியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அழகான கல் பாலங்களைக் கட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அவற்றின் வளைவுகள் பெருவெள்ளத்துக்குப் போதுமான அகலம் இல்லாதவை. ஆறு அங்கே நெருக்கப்பட்டு, பக்கத்துக் கரைகளை அரித்தது. பின்னாளில் சில பாலங்களை அகற்றலாம் என்று பூங்கா நிர்வாகம் யோசனை சொன்னபோது, அவையும் வரலாற்றுச் சின்னங்கள் என்று எதிர்ப்பு எழுந்தது.

சரி, ஆற்றங்கரையை விட்டு விலகிப் போய்விடலாமே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு ஏழு மைல் நீளம், அகலம் ஒரு மைல்தான். இரண்டு பக்கமும் மூவாயிரம் அடி உயரத்துக்குப் பாறைச் சுவர். ஆற்றை விட்டு விலகினால் பாறையின் அடிக்குப் போக வேண்டும். 1996 ஜூலையில், வெள்ளத்துக்கு ஆறு மாதம் முன்புதான், ஹேப்பி ஐல்ஸ் என்ற இடத்தில் பாறை சரிந்து ஒருவர் இறந்தார். 2008 அக்டோபரில் கர்ரி வில்லேஜ் என்ற விடுதிப் பகுதியின் மேல் பாறைகள் விழுந்தன. அதன்பின் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட அறைகளையும் துணிக்கூடார அறைகளையும் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கல். நடுவில் இருக்கும் பாதுகாப்பான நிலம் மிகச் சிறிது. ஆண்டுக்கு நாற்பது லட்சம் பேர் அளவில் பார்க்க வரும் இடம் அது.

அப்படியானால் அந்தச் சிறிய நிலம் யாருக்கு?

வெள்ளத்துக்குப் பின் நடந்த பதினேழு ஆண்டு வழக்கும் வாதமும் உண்மையில் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். மெர்செட் ஆற்றை 1987-இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் பாதுகாக்கப்பட்ட ஆறு என்று சட்டம் செய்திருந்தது. அதற்கென ஒரு திட்டம் தீட்டியிருக்க வேண்டும். தீட்டவில்லை. வெள்ளம் முடிந்து பணம் வந்ததும், அடித்துப்போன சாலையை அகலப்படுத்திக் கட்டும் வேலை தொடங்கியது. சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. முதலில் திட்டம், பிறகு கட்டடம் என்றது நீதிமன்றம். 2000-இல் ஒரு திட்டம் வந்தது. ஒரே நேரத்தில் எத்தனை பேரை அந்த ஆற்றங்கரை தாங்கும் என்பதற்கு அதில் சரியான விடை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் சொன்னது. திருத்திய திட்டமும் 2008-இல் தோற்றது. 2009-இல் சமரசம். இறுதித் திட்டம் 2014-இல்தான் வந்தது. அதிகாரிகளைக் குறை சொல்வது எளிது, வழக்குப் போட்டவர்களைக் குறை சொல்வதும் எளிது. ஆனால் 'எத்தனை பேர்' என்ற கேள்வியைக் கேட்க வைத்ததே அந்த வழக்குதான் என்பது என் கருத்து.

இதற்கு நடுவே இன்னொரு சண்டையும் நடந்தது. லாட்ஜ் இழந்த கட்டடங்களுக்கு மாற்றாகப் புதியவற்றை 'கேம்ப் 4' என்ற முகாமின் பக்கத்தில் கட்ட நினைத்தார்கள். கேம்ப் 4 அதிக வசதி இல்லாத இடம். காரை நிறுத்திவிட்டு மூட்டையைச் சுமந்து நடந்துபோய்க் கூடாரம் அடிக்க வேண்டும். கையில் காசில்லாத மலையேறும் இளைஞர்களின் இருப்பிடமாகவே அது பெயர் பெற்றது. டாம் ஃபிராஸ்ட் என்ற மூத்த மலையேறுநர் முன்னின்று வழக்குத் தொடுத்தார். மலையேற்ற வரலாற்றில் அதற்கு உள்ள இடத்தை எடுத்துச் சொன்னார்கள். 2003-இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது, தப்பியது.

கேம்ப் 4-க்குப் பேச ஆள் இருந்தது. ஆற்றங்கரை முகாம்களில் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளோடு வந்து நான்கு நாள் தங்கிப்போன குடும்பங்களுக்கு அப்படி யார் இருந்தார்கள்? இன்றும் பள்ளத்தாக்கில் கூடாரம் அடிக்க ஓர் இரவுக்கு நாற்பது டாலருக்கும் குறைவு. 1927-இல் திறந்த அவாணி என்ற புகழ்பெற்ற கல் மாளிகை விடுதியில் ஓர் இரவுக்குப் பல நூறு டாலர். வெள்ளம் முந்நூறுக்கும் மேற்பட்ட கூடார இடங்களைக் கொண்டுபோனது. அவாணி நிற்கிறது. இதில் யாரும் சதி செய்யவில்லை. மலிவானவை எப்போதும் தாழ்வான இடத்தில்தான் அமைகின்றன, தண்ணீர் முதலில் அங்கேதான் வருகிறது. பணியாளர்களின் குடியிருப்புகளும் அந்த வெள்ளத்தில் போனவற்றுள் அடங்கும். அறை துடைப்பவரும் சமையல்காரரும்கூடத் தாழ்வான நிலத்தில்தான் இருந்திருக்கிறார்கள்.

பாறைமேல் வீடு கட்டியவனையும் மணல்மேல் வீடு கட்டியவனையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நம் எல்லாருக்கும் தெரியும். பலமுறை மறையுரையில் நானும் பேசியிருக்கிறேன். அது அவரது வார்த்தையைக் கேட்டு நடப்பதைப் பற்றியது, கட்டட விதியைப் பற்றியது அல்ல. ஆனாலும் வெள்ளச் செய்தி வரும்போது அந்த உவமையை எடுத்து, ஆற்றோரம் இருந்தவர்களை அறிவிலிகள் என்று சொல்லிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. மணலில் இருப்பவர்களில் பலர் பாறையில் இடம் வாங்க முடியாதவர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், பூமியின் குரலையும் ஏழைகளின் குரலையும் பிரித்துக் கேட்கக்கூடாது என்று வலியுறுத்தியது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆற்றுக்கு இடம் விடுவது நியாயம். அந்த இடத்தை யார் காலி செய்கிறார்கள் என்று பார்ப்பதும் அதே நியாயத்தில் சேர்ந்தது.

2014-ஆம் ஆண்டுத் திட்டம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க முயன்றது என்றே சொல்ல வேண்டும். ஆற்றிலிருந்து நூறு அடிக்குள் இருக்கும் கூடார இடங்களை எடுத்துவிட்டு, தள்ளிய நிலத்தில் புதியவற்றை அமைத்து, மொத்தத்தில் கூடார இடங்களை 37 விழுக்காடு கூட்டி 640 ஆக்குவது என்று அது வைத்தது. பள்ளத்தாக்கில் ஒரு நாளில் சுமார் 20,000 பேர் என்று ஓர் எல்லையும் வகுத்தது. அப்படிக் கூட்டினாலும் வெள்ளத்துக்கு முன்பிருந்த எண்ணிக்கையை அது எட்டாது.

ஆறு தன் பங்குக்குக் காத்திருக்கவில்லை. 2018 ஏப்ரலில் மறுபடி ஒரு வெதுவெதுப்பான புயல் வர, பள்ளத்தாக்கை முன்கூட்டியே மூடினார்கள். 2023 பிப்ரவரி இறுதியில் அளவுக்கு மீறிய பனிப்பொழிவால் பூங்கா மூன்று வாரம் மூடிக் கிடந்தது. அந்தப் பனி உருகும்போது வெள்ளம் வரும் என்று கணித்து, ஏப்ரல் கடைசியில் பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியைச் சில நாள் மூடினார்கள். முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் 1997-ஐவிட எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன, இதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் காற்று சூடாகச் சூடாக, பனியாக விழவேண்டியது மழையாக விழும் உயரமும் ஏறிக்கொண்டே போகும். பலகையில் உள்ள கோடு கடைசிக் கோடு என்று சொல்ல முடியாது.

கூடார இடத்துக்கு முன்பதிவு செய்ய, ஐந்து மாதம் முன்னதாக, மாதத்தின் 15-ஆம் தேதி காலை 7 மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும். கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர், வீட்டில் இணைய வசதி இல்லாதவர், அடுத்த மாதம் 15-ஆம் தேதி மறுபடி முயல வேண்டியதுதான்.