மர்மப் படமும் உப்புச் சாக்கும்

மாணவர் படம் எடுக்கப் புகுவது இன்று புதுமையன்று. கைபேசி ஒன்றே போதுமாயிற்று. மர்மக் கதைக்கு ஆனையிறவைக் களமாகக் கொள்ளும் விருப்பமும் இயல்பானதே. புகைவண்டியிற் செல்கையில் அக்கடனீரேரியையும் வெண்ணிற உப்புக் குவியல்களையும் கண்டு கதை கட்டாத பழைய மாணவர் எம்முள் எவருளர்? ஆயின், படத்துக்கு வேண்டிய பொருள்களைக் குறிக்கத் தொடங்கியதும் இளைஞர் கை முதலில் எழுதுவது துப்பாக்கி. இஃது எமக்கு உடன்பாடன்று.

1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் போர் கண்ட மண் அது. மரத்தாற் செய்து கருமை பூசியதாயினும், தூரத்தே நிற்பவர்க்கு அது துப்பாக்கியே. வீதியாற் செல்லும் முதியவள் ஒருத்தி அதைக் கண்டு நெஞ்சு பதைப்பாளாயின் அப்படத்தாற் பயன் என்ன? மெய்யான துப்பாக்கியோ நினைக்கவும் தகாதது. 2021 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், 'ரஸ்ட்' படப்பிடிப்பில், ஆபத்தற்றது என்று நடிகரிடம் கொடுக்கப்பட்ட துப்பாக்கியிலிருந்து மெய்க் குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் மாண்டார். தொழில் பயின்றோர் நடுவே நிகழ்ந்தது இது.

அதனினும் கொடியது, நிலத்திற் கிடக்கும் துருவேறிய இரும்பை 'நல்ல பொருள் அகப்பட்டது' என்று எடுப்பது. அண்மையிலுள்ள முகமாலையிற் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல்லாண்டு நடந்ததை மாணவர் மறக்கலாகாது. அத்தகையதைத் தொடற்க, உரியோர்க்கு அறிவிக்க.

துப்பாக்கியின்றி அச்சம் பிறவாதோ? 1941 இல் வெளிவந்த 'சஸ்பிஷன்' படத்தில் ஹிச்கொக் ஒரு குவளைப் பாலைக் கொண்டே காண்போரை நடுங்கச் செய்தார். பாலினுள் சிறு மின்விளக்கை ஒளித்து வைத்தமையால், இருண்ட படிக்கட்டில் அக்குவளை ஒன்றே கண்ணைக் கவர்ந்தது. ஆனையிறவில் அதற்கு நிகரானது உப்புச் சாக்கு. உள்ளே உப்பன்றி வேறொன்று உண்டோ என்ற ஐயமே போதும்.

பொருளைப் பக்குவஞ் செய்தலும் அரிதன்று. புதுப் பூட்டின் மேற்பூச்சை அரத்தாளால் தேய்த்து, உப்பும் வினாகிரியும் கலந்த நீரில் நனைத்து வெளியே வைப்பின் துருப்பிடிக்கும். கடிதத்தைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தினாற் பழமையேறும். காட்சியிற் கிழிபடும் கடிதமாயின், ஒருவர் கையெழுத்திலேயே மூன்று படிகளேனும் வேண்டும். இதனை மறந்து அரைநாளை இழந்தோர் பலர். நடிகன் சுமக்கும் சாக்கில் வைக்கோலை மட்டும் அடைக்கற்க. பாதியேனும் உப்பை இடுக. இல்லையேல் அவன் தோளே காட்டிக் கொடுத்துவிடும்.