‘சர்வர் டவுன்’ என்பது பதில் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு இது. என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, இன்னொரு ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உத்திரமேரூர் பக்கம் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘சர்வர் டவுன்’. சாதிச் சான்றுக்குப் போனால் சர்வர் டவுன். ரேஷன் கடையில் விரல் வைத்தால் சர்வர் டவுன். பட்டா நகல் கேட்டால் சர்வர் டவுன். நாமும் "சரி, நாளைக்கு வரேன்" என்று திரும்பிவிடுகிறோம். சாலவாக்கத்திலிருந்தோ மானாம்பதியிலிருந்தோ பஸ் ஏறி வந்த ஒரு அம்மாவுக்கு அந்த ‘நாளைக்கு’ என்பது ஒரு நாள் கூலி. அதை யார் கொடுப்பது?

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் விவசாயி என்ன செய்கிறார்? "ஏரி டவுன்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறாரா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே நடக்கிறார். மதகு மூடியிருக்கிறதா, நடுவில் யாராவது மடை கட்டிவிட்டார்களா, எங்கே கரை உடைந்தது என்று பார்க்கிறார். பிறகு உரியவரிடம் போய் நியாயம் கேட்கிறார். தண்ணீர் வரும் வழி அவருக்குத் தெரியும், அதனால் அவரை ஏமாற்ற முடியாது. இன்டர்நெட் வரும் வழி நமக்குத் தெரியாது, அதனால் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறோம். என் கோபம் இதன் மேல்தான்.

வழியைச் சொல்கிறேன். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல், வேலைத்தளத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயம் ஆனது. அந்தப் படம் முழுசாக ஒரே மூட்டையாகப் போவதில்லை. போன் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு சுமார் 1,500 பைட். 3 எம்.பி. படம் என்றால் ஏறக்குறைய 2,000 துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புகிறவர் முகவரி, போய்ச் சேர வேண்டிய முகவரி, வரிசை எண். எல்லாம் ஒரே வழியில் போக வேண்டும் என்பதும் இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் கணினி வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி அனுப்பப்படும். இணைப்பு மோசமாக இருந்தால் நிறையத் துண்டுகள் தொலையும். அதனால்தான் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் துண்டுகள் போனிலிருந்து டவருக்குக் காற்றில் போகின்றன. டவருக்குப் பின்னால் மண்ணுக்குள் புதைத்த கண்ணாடி இழை கேபிள். பல இடங்களில் டவருக்கு டவர் ரேடியோ இணைப்பு. பிறகு மாவட்டத் தலைநகர், சென்னை, அங்கிருந்து சர்வர் இருக்கும் கட்டிடம். சர்வர் என்றால் வேறொன்றும் இல்லை, அதுவும் ஒரு கணினிதான். வெளிநாடு போக வேண்டுமானால் சென்னைக் கடற்கரையில் இறங்கியிருக்கும் கடலடி கேபிள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் 95 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்கு அடியில்தான் போகிறது.

போனில் நாலு கோடு முழுசாகத் தெரிந்தால் டவர் வரைக்கும் வழி சரி என்று மட்டுமே அர்த்தம். வீட்டு வைஃபையும் அப்படியே. அந்தக் குறி போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள பத்தடியைத்தான் சொல்கிறது. பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், கேபிளில் வெளிச்சம் வரவில்லை. எங்கோ கேபிள் அறுந்திருக்கலாம்.

அடுத்த முறை ‘சர்வர் டவுன்’ என்றால் இரண்டே கேள்வி கேளுங்கள். "வேற வெப்சைட் திறக்குதா?" ஒன்றுமே திறக்கவில்லை என்றால், சர்வர் மேல் பழி போடாதீர்கள், பழுது இந்தப் பக்கத்து இணைப்பில். மற்றதெல்லாம் திறந்து இது மட்டும் திறக்கவில்லையா? "வேற கம்பெனி சிம்ல போட்டுப் பார்த்தீங்களா?" அதிலும் வரவில்லை என்றால், பெரும்பாலும் பழுது அந்தப் பக்கத்தில். இதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம்.

2021 அக்டோபர் 4 இரவு நினைவிருக்கிறதா? வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. அன்று பழுதானது சர்வர் அல்ல. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு தவறான கட்டளையால் அந்தக் கம்பெனியின் முதுகெலும்பு இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ‘எங்களிடம் வர இதுதான் வழி’ என்று உலகத்துக்குச் சொல்லும் அறிவிப்பும் மறைந்துபோனது. வீடு அப்படியே இருக்கிறது, போகும் தெரு காணாமல் போய்விட்டது. எங்கே உடைந்தது என்று மறுநாளே அந்தக் கம்பெனி எழுதி வெளியிட்டது. பொழுதுபோக்குச் செயலி நடத்துகிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அரிசிக்கும் கூலிக்கும் விரல் வைக்கச் சொல்கிறவர்கள் சொல்ல வேண்டாமா?

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன், "சார், அவங்களுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று கேட்டான். தம்பி, கிணற்று மோட்டார் நின்றால் காயில் எரிந்ததா, கெப்பாசிட்டர் போனதா என்று உன் அப்பாவே சொல்வாரே, அவர் எந்தக் காலேஜில் படித்தார்? தேவைப்பட்டதால் தெரிந்துகொண்டார். இன்று இதுவும் தேவை. புரியாது என்று முடிவு கட்டியது நீங்கள், அவர்கள் அல்ல.

"சாட்டிலைட் இன்டர்நெட் வந்தா எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள் உறவுக்காரர்கள் சிலர். கேபிள் போக முடியாத மலைக்கும் தீவுக்கும் அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அந்தமானுக்கே சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். நாம் சென்னையிலிருந்து 90 கிலோமீட்டரில், சமதளத்தில் இருக்கிறோம். நமக்கு ஆகாயம் எதற்கு?

கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011இல் ஒப்புதல் கொடுத்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் டான்ஃபினெட் நிறுவனம் வழியாக 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பதாக அறிவிப்பு. உங்கள் ஊராட்சிக்கு அந்தக் கேபிள் வந்ததா? வந்திருந்தால் பெட்டியில் விளக்கு எரிகிறதா? கரண்ட் போனால் தாங்க பேட்டரி இருக்கிறதா? ரோடு வெட்டும்போது அறுந்ததை ஒட்டினார்களா? உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குடவோலை ஊர்க்காரர்கள் என்று மார்தட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், இங்கே வெட்டிய கல்வெட்டு என்ன சொல்கிறது? ஏரிக்கென்றே ஒரு வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது, அவன் உறவுக்காரன் பெயரையும் போடக் கூடாது. அன்றைக்கு ஓட்டு எல்லோருக்கும் இல்லை என்பதும் உண்மை. இன்று எல்லோருக்கும் இருக்கிறது, கணக்குக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். சேவை நின்றால் எங்கே பழுது, எப்போதிலிருந்து, புகார் எண் என்ன என்று பலகையில் எழுத வேண்டும். அன்று வந்தவர்களின் பெயரைப் பதிந்து, கடைசித் தேதி இருந்தால் அவர்களுக்கு நீட்டித்துத் தர வேண்டும். ஊராட்சிக் கேபிளின் நிலையைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். கவுன்டரில் இருக்கும் பிள்ளைகளோடு சண்டை போடாதீர்கள். அவர்களும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

லைக் போட்டுவிட்டுப் போக வேண்டாம். இதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் கேபிளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என்ன பதில் வந்தது, எந்த ஊராட்சி என்று கீழே எழுதுங்கள். ஊர்வாரியாகப் பட்டியல் போடுகிறேன். வீட்டுப்பாடம் கொடுத்து ரொம்ப நாளாகிறது.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
உத்திரமேரூர்