குவார்ட்டர் டோனும் ஒரு பால்பாயின்ட் பேனாவும்

குவார்ட்டர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். எங்க வீட்டம்மாவுக்கும் அதேதான் வந்தது. “இன்னைக்கு ராத்திரி குவார்ட்டர்ல கொஞ்சம் வேலை இருக்கு”ன்னு போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். காபி டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

நான் சொன்னது குவார்ட்டர் டோன் ஐயா! கீபோர்டில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டின கறுப்புக் கட்டைக்கும் நடுவில் ஒரு சுரம் உட்கார்ந்திருக்கிறதே, அது. அந்த இரண்டு கட்டைக்கும் இடையே 100 சென்ட் என்றால் இது 50-இல் இருக்கும். காதுக்குத் தெரியும். கட்டை மட்டும் கிடையாது.

நான் வயலின்காரன். ரெக்கார்டிங்கில் வாசிப்பேன், மற்றவர்களுக்குப் பார்ட்டும் எழுதிக் கொடுப்பேன். போன மாதம் ஒரு பாட்டு வந்தது. அரபு ராஸ்த் மகாம், அதாவது அவர்கள் ஊர் ராகம். மியூசிக் டைரக்டர் ரசனைக்காரர், “அந்த ஈ மட்டும் நிஜமா வேணும், டூப்ளிகேட் வேண்டாம்” என்றார். ராஸ்தில் ஈ என்கிற சுரம் முழு ஈயும் இல்லை, ஈ ஃப்ளாட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். மேலே பி-யும் அப்படியே. எனக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊரில் இப்படிக் கேட்க ஒரு ஆள் இருக்கிறாரே!

முதல் தலைவலி, அதை எழுதுவது. ஃப்ளாட் குறி ஆங்கிலத்துச் சின்ன ‘பி’ மாதிரி இருக்கும். அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திருப்பிப் போட்டால் பாதி ஃப்ளாட் என்பது ஐரோப்பியக் கணக்கு. அரபிக்காரர்கள் ஃப்ளாட் மேல் ஒரு கோடு கிழிக்கிறார்கள். துருக்கிக்காரர்களிடம் அதே திருப்பிப் போட்ட குறிக்கு ஒரு கோமா குறை என்று அர்த்தம். அவர்கள் ஒரு முழு டோனை ஒன்பது கோமாவாக வெட்டுகிறார்கள், அதில் ஒரே ஒரு துண்டு. ஒரே குறி, ஊருக்கு ஒரு விலை. நான் திருப்பிப் போட்டதையே வைத்துக்கொண்டேன். என் கம்ப்யூட்டரில் இருக்கிற பழைய சாஃப்ட்வேர் குறியை அழகாகப் போட்டது. ப்ளே பண்ணினால் பச்சை ஈயை வாசித்தது. எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின பையன் மாதிரி.

மறுநாள் ஸ்டூடியோ. கீபோர்டு தம்பி கில்லாடி. ஸ்கேல் ட்யூனிங் மெனுவுக்குள் போய் ஈ-க்கு மைனஸ் 50 போட்டான். பல்லவி அமிர்தம். சரணத்தில் ஒரு சி மேஜர் கார்டு வருகிறது, அங்கே சுத்த ஈ வேண்டும். எங்கே போவது? ஒரு ஈயை இறக்கினால் கீபோர்டில் இருக்கிற அத்தனை ஈயும் இறங்கியாச்சே! கார்டு புளித்துப்போன தயிர் மாதிரி வந்தது. கிடார்காரர் ஈ ஃப்ளாட் ஃப்ரெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பாதி வளைத்தார். மெதுவாகப் போகும்போது சரி, வேகமான இடத்தில் விரல் என்ன செய்யும் பாவம். வயலினுக்கு ஃப்ரெட்டே கிடையாது, சுலபம் என்றுதானே நினைப்பீர்கள்? ஆறு பேர் வாசித்தோம், ஆறு பாதி ஃப்ளாட் கிடைத்தது.

புல்லாங்குழல் அண்ணன் பார்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பாடிக் காட்டு தம்பி” என்றார். பாடினேன். துளையைப் பாதி மூடி ஊதினார் பாருங்கள், கத்தியால் வெட்டின மாதிரி அந்த இடத்தில் நின்றது. நின்றது என்றா சொன்னேன்? ஒரு நொடிதான். அப்புறம் ஆட ஆரம்பித்துவிட்டது. “அண்ணே, ஆட்டாம நிறுத்துங்கண்ணே.” “ஆட்டாம இருந்தா அது செத்த சுரம்டா.” நாற்பது வருஷம் தோடி காந்தாரத்தை அசைத்து அசைத்தே வாசித்த கை. அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வருமா? நம்ம நொட்டேஷனில் அந்தக் காந்தாரத்துக்கு வெறும் ‘க’ தானே போடுகிறோம், அது எங்கே புறப்பட்டு எங்கே போய் வருகிறது என்று யார் எழுதுகிறோம்?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். செல்லோ மட்டும் அழுத்தந்திருத்தமாக ஈ ஃப்ளாட் வாசிக்கிறது. போய்ப் பார்த்தேன். என் பார்ட்டில் திருப்பிப் போட்ட குறி ஒவ்வொன்றின் மேலும் நீல பால்பாயின்ட் பேனா. பதினேழு இடம். எல்லாவற்றையும் நேராக்கி வைத்திருக்கிறார். “பிரின்ட் தப்பா விழுந்திருந்துச்சு சார், நானே திருத்திட்டேன்” என்றார் பெருமையாக.

என்ன சொல்வீர்கள்? லாஸ்ட் நேம் கட்டத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஃபார்மை வாங்க மாட்டேன் என்கிற வெப்சைட்டிடம் என்ன சொல்வோமோ, அதைத்தான் நானும் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. கட்டத்தில் இல்லாதது தப்பு, அவ்வளவுதான். அப்பா பேரைத் தூக்கி அங்கே போட்டுவிட்டு நாமும் போய்க்கொண்டே இருக்கிறோம், இல்லையா?

இத்தனைக்கும் இந்தக் குவார்ட்டர் டோன் நம்ம தஞ்சாவூரில் அடித்துப் பேசின விஷயம். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ போட்டார். ஒரு ஸ்தாயிக்குச் சுருதி 22 இல்லை, 24, அதுவும் சரிசமமாக என்று வாதாடினார். அவர் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு குவார்ட்டர் டோன்தான். சரியா தப்பா என்று வித்வான்கள் இன்றைக்கும் சண்டை போடட்டும், நல்ல சண்டை. செக் நாட்டு அலாய்ஸ் ஹாபா 1924-இல் குவார்ட்டர் டோன் பியானோவே செய்ய வைத்துவிட்டார். 1932-இல் கெய்ரோவில் அரபு இசைக்கு மாநாடு கூட்டி, 24-ஐயும் சமமாக வெட்டலாமா கூடாதா என்று மோதிக்கொண்டார்கள். அன்றைக்குச் சண்டை அது எங்கே இருக்கிறது என்பதில். இன்றைக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே பேனாவால் அடித்துவிடுகிறார்கள்.

எப்படியோ, ஏழு டேக் எடுத்து முடித்தோம். கீபோர்டு தம்பி கார்டுக்கு வேறு ஒரு கீபோர்டை இழுத்து வந்தான். செல்லோவைத் தனியாக எடுத்தோம். புல்லாங்குழல் அண்ணன் எனக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஈயை ஆட்டாமல் நிறுத்தினார். கடைசியில் கேட்டபோது எனக்கு முதுகு சிலிர்த்தது.

பத்து நாள் கழித்து மிக்ஸ் வந்தது. ஹெட்போனை மாட்டினேன். பளிங்கு மாதிரி சவுண்டு. அந்த ஈ எங்கே? எங்கேயும் இல்லை. பச்சை ஈ, கீபோர்டு ஈ, நர்சரி ஸ்கூல் ஈ. இன்ஜினியருக்கு போன் போட்டேன்.

“கேட்டீங்களா சார்? ஈ எல்லாம் கொஞ்சம் டவுனா இருந்துச்சு. எல்லாருமே அதே இடத்துல தப்பு விட்டிருக்காங்க, ஆச்சரியமா இருந்துச்சு. ராத்திரி பூரா உக்காந்து ஒவ்வொண்ணா மேல தூக்கிட்டேன்” என்றான்.

“அப்படியாப்பா...”

“இதுக்குத் தனியா காசெல்லாம் வேண்டாம் சார்.”