குழந்தைக் கதையும் ஒரு செய்தியே

செய்தியைச் சொல்பவருக்கு மட்டுமன்று, கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தலாகாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. நாளேட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் இந்த அளவுகோலைத் தயங்காமல் பொருத்துகிறோம். நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் கதைப் புத்தகத்திற்குப் பொருத்துகிறோமா? ஆங்கில எழுத்தாளர் லின் ரீட் பேங்க்ஸ் அம்மையாரின் வாழ்வும் எழுத்தும் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றன.

1929இல் லண்டனில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் அடைக்கலம் புகுந்து, போர் முடிந்தபின் திரும்பினார். சில காலம் நாடக மேடையில் நடித்தார். 1955இல் ஐ.டி.என். தொலைக்காட்சிச் செய்தி நிறுவனத்தில் சேர்ந்து, பிரிட்டனின் முதல் பெண் தொலைக்காட்சிச் செய்தியாளர்களுள் ஒருவரானார். 1960இல் வெளிவந்த முதல் நாவல் அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. பின்னர் இஸ்ரேலில் சில ஆண்டுகள் வாழ்ந்து, ஆங்கிலம் கற்பித்து, 1971இல் தாயகம் திரும்பினார்.

தம் மகனுக்கு உறங்கும் வேளையில் அவர் சொன்ன கதையே 1980இல் 'அலமாரியில் ஓர் இந்தியன்' என்ற நூலாக மலர்ந்தது. இந்தியன் என்பது இங்கே நம் நாட்டவரையன்று, அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும். ஓம்ரி என்னும் சிறுவன் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறான். பொம்மை உயிர் பெற்றுவிடுகிறது! இரோக்குவா இனத்தைச் சேர்ந்த அந்தச் சிற்றுருவம் விளையாட்டுப் பொருளன்று. பசியும் கோபமும் தன்மானமும் உள்ள மனிதன் என்பதைச் சிறுவன் மெல்ல மெல்ல உணர்கிறான். கூம்பு வடிவக் கூடாரத்தில் அவனைக் குடியமர்த்த முயல்கிறான். தன் இனத்தார் வாழ்வது நீண்ட மரவீடுகளில் என்று அவன் மறுக்கிறான். ஓம்ரி புத்தகத்தைத் தேடிப் படித்து உண்மையை அறிகிறான். கேள்விப்பட்டது வேறு, விசாரித்து அறிந்தது வேறு என்ற செய்தியாளரின் பாடம் இங்கே அழகாக ஒலிக்கிறது.

நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. தொடர்ச்சியாக நான்கு நூல்கள் வந்தன. 1995இல் திரைப்படமும் ஆயிற்று. ஆயினும் அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்தே கண்டனமும் எழுந்தது. அந்த வீரன் பேசுவது உடைந்த ஆங்கிலம். அவன் பெருமை, பகைவரின் தலைத்தோலை உரித்தெடுத்தது. பழைய திரைப்படங்கள் வளர்த்துவிட்ட சித்திரமல்லவா இது? வீட்டைப் பற்றி விசாரித்த பேனா, அவ்வீட்டில் வாழ்ந்த மனிதனின் நாவைப் பற்றி விசாரிக்கத் தவறிவிட்டது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்த வேதனை நமக்குப் புதிதன்று. 1992இல் வெளிவந்த டிஸ்னியின் 'அலாவுதீன்' படத்தில், அரபு நாட்டில் காதை அறுப்பார்கள் என்று பொருள்படும் பாடல் வரியை அமெரிக்க அரபு மக்கள் எதிர்த்தனர். 1993இல் படம் வீடியோவாக வந்தபோது அவ்வரி மாற்றப்பட்டது. அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்று பழித்த சொல்லோ அப்போது நீக்கப்படவில்லை.

நம்மைத் தவறாகச் சித்திரித்தால் கொதிக்கிறோம். நாம் சொல்லும் கதைகளில் மலைவாழ் மக்களும் குறவரும் கறுத்த நிறத்தாரும் எவ்வாறு வருகின்றனர்? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்பது அதே அத்தியாயத்தின் 11ஆம் வசனம். ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே சமூகங்களாகப் படைக்கப்பட்டோம் என்பது 13ஆம் வசனம். இவ்விரண்டும் குழந்தைக் கதைக்கும் இலக்கணமாகட்டும்.

தாய்மார்களே! இத்தகைய நூல்களைப் பரணில் எறிய வேண்டியதில்லை. பிள்ளையுடன் அமர்ந்து வாசியுங்கள். "இந்தக் கதையில் வருபவரின் பிள்ளை இதைப் படித்தால் மகிழுமா, தலை குனியுமா?" என்று கேளுங்கள். அக்கேள்வி பிள்ளையின் உள்ளத்தில் நீதியின் வித்தாகும்.

பேங்க்ஸ் அம்மையார் 2024இல், 94ஆம் வயதில் மறைந்தார். செய்தித்துறையிலும் கல்வித்துறையிலும் பணிபுரியும் நம் பெண்மணிகள், அவருடைய கற்பனையையும் அவர் விட்டுவிட்ட விசாரணையையும் ஒருங்கே கொண்டு, நம் சிறுவர்க்காகப் பேனா எடுக்க முன்வர வேண்டும். உண்மையை அழகுறச் சொல்லும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.