பூட்டு செய்த ஊர் கனெக்டர் செய்யாதா?



திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர் வாயில் முதலில் வருவது பூட்டு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பூட்டுப் பட்டறைகள் குறைந்துகொண்டே வந்ததுதான் நாம் கண்ட கதை. நான் எழுத வந்தது, பூட்டைப் போலவே பூட்டிக்கொள்ளும் இன்னொரு சின்னப் பொருளைப் பற்றி.

பழைய பிரிண்டரையோ செல்போனையோ திறந்து பாருங்கள். நாடா மாதிரி பட்டையாக ஒரு கேபிள் ஓடும். அதன் நுனி போய் உட்காரும் பிளாஸ்டிக் வாய்தான் எப்.பி.சி. கனெக்டர். "இதுல என்னடா டிசைன் இருக்கு?" என்று கேட்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

40 முனை உள்ள ஒரு கனெக்டரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 50 கிராம் அழுத்தினால் மொத்தம் 2 கிலோ. வெறும் 0.3 மி.மீ. கனமுள்ள நுனியை அந்த அழுத்தத்துக்குள் தள்ளினால் பிலிம் மடங்கும், முலாம் உரியும். அதற்குக் கண்ட வழிதான் 'ஜிஃப்'. மூடியைத் தூக்கி, விசையே இல்லாமல் கேபிளைச் செருகி, மூடியைச் சாய்த்தால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். சாவியைத் திருப்பினா லீவர் நகருதே, கிட்டத்தட்ட அதே புத்திதான்!

அந்த ஸ்பிரிங் வேறொன்றுமில்லை, மெக்கானிக்கல் நண்பர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் கேன்டிலீவர் பீம்தான். விசை, தகட்டின் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். கனம் 10 சதவீதம் கூடினால், அதே வளைவுக்கு விசை 33 சதவீதம் கூடிவிடும். நீளத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு! விசை கூடினால் முலாம் தேயும். குறைந்தால் லூஸ் காண்டாக்ட். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் டிசைன்.

முலாமிலும் விஷயம் இருக்கிறது. தங்கம் விலை அதிகம், வெள்ளீயம் மலிவு. ஆனால் ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, ஈயம் கலக்காத வெள்ளீய முலாமில், ஸ்பிரிங் அழுத்தும் இடத்திலேயே மயிரிழை போல உலோக இழைகள் முளைப்பது பெரிய தலைவலியானது. முனைக்கு முனை அரை மி.மீ. இடைவெளியில் அப்படி ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஷார்ட்தான். அதிர்வு இன்னொரு பகை. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை மாதிரி இடத்தில் இரவும் பகலும் மெஷின் அதிரும். வெள்ளீயக் காண்டாக்ட் நுண்ணளவில் உரசி, ஆக்சைடு படிந்து, தடை ஏறும். "கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுனா ஓடுதுங்க" என்று ஆபரேட்டர் சொல்வாரே, அதன் ரகசியம் பல சமயம் இதுதான்.

இதையெல்லாம் நான் ஏன் இங்கே சொல்கிறேன்? நம் சீனியர்கள் பலர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அங்கே ஷிப்ட் முழுக்கக் கேபிளைச் செருகும் கை நம்முடையது. அதை வரைந்த மூளை எங்கோ இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் உற்பத்தியை நிறுத்தியபோது, அசெம்பிளி வேலையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று தமிழ்நாடே பார்த்தது. கை வேலை ஆலையோடு போய்விடும்; டிசைன் அறிவு நம்மோடு வரும்.

2025-ல் மத்திய அரசு எலக்ட்ரானிக் உதிரிபாகத் தயாரிப்புக்கு 22,919 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. வளையும் சர்க்யூட் போர்டும் அதில் அடக்கம். வாசல் திறக்கிறது. உள்ளே போக நாம் தயாரா? காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜக்ட் வாங்கி, வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணுகிற பழக்கத்தோடு போனால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார்!

"அதுக்குக் கோடிக்கணக்குல மெஷின் வேணுமே" என்பீர்கள். தயாரிக்க வேண்டும்தான்; கற்றுக்கொள்ள வேண்டாம். பத்து மடங்கு பெரிய மாதிரி ஒன்றை பாஸ்பர் பிரான்ஸ் தகட்டில் நம் ஒர்க்ஷாப்பிலேயே வெட்டலாம். எல்லா அளவும் பத்து மடங்கானால் விசை நூறு மடங்கு. 50 கிராம் 5 கிலோவாகும். எடைக்கல் தொங்கவிட்டே அளந்துவிடலாம். காண்டாக்ட் தடையை எலக்ட்ரானிக்ஸ் லேபில் நான்கு ஒயர் முறையில் பார்க்கலாம்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து ஒரே ப்ராஜக்ட் செய்ய அனுமதி கேட்டு, வரும் ஆண்டு நம் மாணவர் பேரவை துறைத் தலைவர்களைச் சந்திக்க வேண்டும். கூடவே நாகல்நகர்ப் பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்து வர ஏற்பாடு செய்ய வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பை விரலாலேயே அறிகிற பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்போம்?