சைகோனுக்குப் போனவர், துவாஸுக்கு வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா லேனில் துவாஸ் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் ஊர் எது என்று கேட்டால் அறந்தாங்கி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று பதில் வரும். நடுவில் ஒருவர் காரைக்கால் என்பார். பக்கத்தில் நிற்பவருக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. நாகப்பட்டினத்தை ஒட்டிய ஊர், அவ்வளவுதான். ஆனால் 1954 நவம்பர் 1 வரை அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அந்தக் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் ஏறிய பலர் சிங்கப்பூரில் கரையேறவில்லை. கப்பல் இங்கே நின்று புறப்பட்ட பிறகும் பயணத்தைத் தொடர்ந்து சைகோனில் போய் இறங்கினார்கள்.

இந்தக் கதை சிங்கப்பூர்த் தமிழர் பலருக்குத் தெரியாது. யாரும் எழுதாமல் போனதால் வந்த குறை அல்ல இது. ஆராய்ச்சியாளர்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தமிழ் வாசகர் கைக்கு வந்ததுதான் சொற்பம்.

நத்தாஷா பேரோதோ என்ற வரலாற்றாசிரியர் 2016-ல் வெளியிட்ட ஆங்கில நூல், 1858 முதல் 1954 வரை இந்தோசீனாவில் வாழ்ந்த பிரெஞ்சு இந்தியர்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வரி வசூலிப்பவர், போலீஸ்காரர், கோர்ட்டு எழுத்தர், சிறைக் காவலர் என்று பிரெஞ்சு அரசின் கீழ் வேலை பார்த்தவர்கள் ஒரு பக்கம். ஜவுளிக்கடை வைத்த முஸ்லிம்கள், வட்டித் தொழில் நடத்திய செட்டியார்கள் இன்னொரு பக்கம். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் இன்று ஹோ சி மின் நகரம் என்று அழைக்கப்படும் சைகோனுக்குப் போனால் கொஞ்சம் திகைப்பார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் இருப்பதுபோல் அங்கேயும் மாரியம்மன். டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி இருப்பதுபோல் அங்கேயும் செட்டியார்கள் கட்டிய முருகன் கோவில். ஜாமியா சூலியா பள்ளிவாசலுக்கு ஈடாக தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல் நகரின் நடுவில் நிற்கிறது.

கோவில்கள் ஒன்றுபோல இருந்தாலும் சட்டம் வேறாக இருந்தது. பிரெஞ்சு இந்தியாவில் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. தன் சாதி, சமய வழக்கப்படியான சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டால், அவர் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வருவார். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் அதிகம். காரணத்தை விளக்கத் தேவையில்லை. இதற்கு முன்னோடியாக நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வரக்கூடாது என்று புதுச்சேரி நீதிபதி தடுத்தபோது, 1873-ல் அந்த வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றவர். பிறகு லாபோர்த் என்ற பெயரை வைத்துக்கொண்டார்.

இப்படிச் சட்டத்தை மாற்றிக்கொண்ட தமிழர்கள் சைகோனில் தங்களைப் பிரெஞ்சுக் குடிமக்கள் என்றார்கள். வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் சலுகையையும் கேட்டார்கள், தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். வெள்ளையர்கள் இதைப் பார்த்துப் புழுங்கினார்கள். அதே காலத்தில் பிரிட்டிஷாரின் சிங்கப்பூரில் இறங்கிய தஞ்சாவூர்க்காரருக்கு ஓட்டு என்ற பேச்சே கிடையாது.

இதைப் பெருமையாக மட்டும் எழுதினால் அது பாதிப் பொய். அந்தத் தமிழர் வரி வசூலித்தது வியட்நாமியரிடம். காவல் நின்றது வியட்நாமியர் அடைபட்ட சிறையில். கடன் கொடுத்து நிலத்தை எடுத்துக்கொண்ட வட்டிக்கடைகள் மீது அந்த ஊர் விவசாயிக்கு இருந்த கோபமும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆராய்ச்சி தேவைப்படுவதே இதற்காகத்தான். குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையில் தாத்தா சைகோனில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

துவாஸுக்கு வருவோம். இங்கே பிரெஞ்சு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. டோட்டால் 2015-ல் மசகு எண்ணெய் ஆலை திறந்தது. சனோஃபி 40 கோடி யூரோ திட்டத்தை 2021-ல் அறிவித்துத் தடுப்பூசி ஆலை கட்டியது. காரைக்கால்காரர் இந்த வட்டாரத்துக்கு வருவது வொர்க் பெர்மிட்டில். குடும்பத்தை அழைத்துவர முடியாது. வேலை போனால் அனுமதியும் போகும். ஒரு காலத்தில் அதே ஊர்க்காரர் குடியுரிமைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார் என்ற செய்தி, இன்றைய தொழிலாளியின் நிலையை யோசிக்கிறவர்களுக்கு வெறும் பழங்கதை அல்ல. கடல் கடந்து போகிறவனுக்கு எந்த உரிமை எப்போது, யார் தயவில் கிடைத்தது என்ற கேள்விக்கு ஒரே ஊரிலிருந்து இரண்டு பதில்கள் கிடைக்கின்றன.

கடல் கடந்தவர் ஊரில் விட்டுவந்த குடும்பத்தையும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்றால் பலருக்கும் ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வரும். நியாயம்தான். அங்கேயும் அதே ஊரிலுள்ள தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி என்ற ஆய்வு மையத்திலும் உள்ள சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பரிபாடலைப் பிரெஞ்சில் தந்த பிரான்சுவா குரோ அந்த மரபில் வந்தவர். ஆனால் அந்த நிறுவனத்தின் சமூகவியல் வேலை சுவடியை விட்டு வெகுதூரம் போய்விட்டது. அதோடு நெடுங்காலம் சேர்ந்து வேலை செய்த இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் மூவரும் கடனில் வாழும் பெண்களைப் பற்றி 2023-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார்கள். களம் வட தமிழகக் கிராமங்கள். குழுக்கடன், அடகு, கைமாற்று எல்லாவற்றையும் புரட்டிப் புரட்டிக் குடும்பத்தை ஓட்டுகிறவள் பெண்தான் என்று நூல் காட்டுகிறது. ஏஜெண்டுக்குப் பணம் கட்டக் கடன் வாங்கிவிட்டு வந்து, மாதாமாதம் தேக்கா பக்கம் போய்ப் பணம் அனுப்பும் துவாஸ் தொழிலாளிக்கு, அந்தப் பணம் வீட்டில் எந்த வழியாகப் போகிறது என்பதை இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. அவர் படிக்கிற மொழியில் அது வரவேண்டும்.

சிங்கப்பூரே ஆய்வுப் பொருளாகவும் இருக்கிறது. புவியியலாளர் தெலோன் மாதவன் பாரிஸில் செய்த முனைவர் பட்ட ஆய்வு கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் மூன்றிலும் உள்ள தமிழர்களை ஒப்பிட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட்டது. நம்மைப் பற்றியே எழுதியதை நாம் படிக்க முடியவில்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

வழி இல்லாமல் இல்லை. கல்வி அமைச்சின் மொழி நிலையம் 1978 முதல் பிரெஞ்சை மூன்றாம் மொழியாகக் கற்பிக்கிறது. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழையும் மாலையில் அங்கே போய்ப் பிரெஞ்சையும் சேர்த்துப் படிக்கும் வசதி ஒரு சிங்கப்பூர்ப் பதின்ம வயதுப் பிள்ளைக்கு இருக்கிறது. உலகத்தில் வேறு எத்தனை ஊரில் இது நடக்கும்? தமிழ்நாட்டில் நல்ல முன்னுதாரணமும் உண்டு. ‘குட்டி இளவரசன்’, ‘அந்நியன்’ இரண்டும் க்ரியா பதிப்பகத்தின் வழியாக நேரே பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்தவை. ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்துகொண்டு நாகரத்தினம் கிருஷ்ணா தொடர்ந்து மொழிபெயர்க்கிறார். ஆனால் இலக்கியத்துக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு வரலாற்றுக்கும் சமூகவியலுக்கும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் பட்டிமன்றத்துக்கும் பேச்சுப் போட்டிக்கும் குறைவே இல்லை. அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே மேடைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், வருஷத்துக்கு ஓர் ஆய்வு நூலின் சில அத்தியாயங்களையாவது தமிழில் கொண்டுவரலாம். தேசிய நூலகம் 2015-ல் வெளியிட்ட தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பில் ஏராளமான சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் ஏற்கெனவே இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அதன் பக்கத்தில் இவற்றையும் வைக்கலாம். முதல் வருஷத்துக்கு சைகோன் அத்தியாயங்கள் போதும். அச்சிட்டதில் ஒரு கட்டைத் துவாஸ் சவுத் பொழுதுபோக்கு மையத்துக்கும் அனுப்பி வைக்கவேண்டும்.