பணம் கொடுத்தவர் படமா, முகம் கொடுத்தவர் படமா?

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. அதன் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு மணப்பெண் படம். கூரைப்புடவை, ஜடை நிறைய பூ, குனிந்த தலை. பார்க்கிறவர்கள், "யாரோ சினிமா நடிகை போல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது என் அண்ணன் மகள்.

2021-ல் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஒன்றரை வருஷம்கூட அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. காரணமெல்லாம் இங்கே வேண்டாம். கோர்ட்டில் முடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள், அதே பஸ் ஸ்டாண்டில்தான் பஸ் ஏறி வேலைக்குப் போக வேண்டும். ஒருநாள், "அத்தை, நான் அடுத்த ஸ்டாப்புல போய் ஏறிக்கிறேன்"னு ஒரு கிலோ மீட்டர் நடக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு விஷயமே உறைத்தது.

ஸ்டுடியோவில் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "படம் எடுத்தது நாங்கம்மா. காபிரைட் எங்களோடது. இதைப் பார்த்துட்டு எத்தனை ஆர்டர் வந்திருக்கு தெரியுமா?" என்றார். இன்ஸ்டாகிராமிலும் போட்டிருக்கிறாராம். வாயடைத்துப் போய்த் திரும்பி வந்தேன்.

எங்கள் தெருவில் இருக்கும் வக்கீலம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "எடுத்தவருக்குத்தான் சொந்தம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நம்ம நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லலை" என்றார். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவானால், பதிப்புரிமை பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான். வீடியோவுக்கும் இதே கதைதான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டும் மாறும். அதனால்தான் சில ஸ்டுடியோக்காரர்கள் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில், 'படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்' என்று அச்சடித்து நம்மிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கிற அவசரத்தில் அதை யார் படிக்கிறோம்? (இங்கிலாந்தில் 1989 ஆகஸ்டிலிருந்து உரிமை படம் எடுத்தவருக்கே. ஆனால் குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படத்தை ஊருக்குக் காட்டக்கூடாது என்று தடுக்கும் உரிமையை, எடுக்கச் சொன்னவருக்கு அங்கே தனியாகக் கொடுத்திருக்கிறார்கள்.)

என் கல்யாணத்தின்போது, 1987-ல், "நெகடிவ் தர மாட்டோம், காப்பி வேணும்னா இங்க வந்துதான் போட்டுக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். நெகடிவ் என்கிற பொருள் வேறு, பதிப்புரிமை வேறு என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? பிறகு அந்தக் கடையே இல்லாமல் போய்விட்டது. நெகடிவ் எந்தப் பழைய பேப்பர்க் கடைக்குப் போனதோ!

சரி, நம்ம பக்கம் சட்டம் இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டபோது, வக்கீலம்மா கேட்டார்: "பில் யார் பேர்ல இருக்கு?"

அங்கேதான் இடித்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி போட்டோ, வீடியோ செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது. ஆர்டர் கொடுத்தது, பணம் கட்டியது எல்லாம் அவளுடைய முன்னாள் மாமனார். அதாவது என் அண்ணன் மகள் முகத்தின் படத்துக்குப் பதிப்புரிமை, உறவே அறுந்துபோன ஒரு வீட்டில் இருக்கிறது! 'எங்கள் படத்தை எடுத்துவிடு' என்று அந்தச் சட்டத்தின் பேரில் கேட்க வேண்டுமானால், அவரிடம் போய்த்தான் நிற்க வேண்டும். பணம் யாருடையது என்று பார்க்கிற சட்டம், முகம் யாருடையது என்று பார்க்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இதற்கும் ஒரு வழி இருந்தது. 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கில், நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான், சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறதாம்: தன் குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்க விஷயங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, சம்மதமில்லாமல் அவற்றை வெளியிடக்கூடாது என்று. அதை எழுதி, அவளே கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

போட்டோக்காரர் வயிற்றில் அடிக்க எனக்கு ஆசையில்லை. வெயிலிலும் புகையிலும் நின்று, சாப்பாட்டுப் பந்தியில் கடைசியாக உட்காருகிறவர் அவர்தான். அவர் கைவண்ணத்தை நாலு பேருக்குக் காட்டினால்தான் அடுத்த முகூர்த்தம் கிடைக்கும். மாட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்டால் பாதிப் பேர் சந்தோஷமாகச் சரி என்பார்கள். பில் அவள் அப்பா பேரில் இருந்தாலும், மாமனார் பேரில் இருந்தாலும், கேட்க வேண்டியது அவளிடம்தான். சட்டத்திலேயே இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பத்தே நாளில் வாசல் படம் இறங்கிவிட்டது. இன்ஸ்டாகிராமிலும் எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டது அங்கங்கே இருக்கிறது. அதற்கு அவரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன மாதம் என் சின்ன அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அட்வான்ஸ் கொடுக்கும்போது பில்லில் நானே பேனாவால் எழுதினேன்: 'பெண்ணின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியே காட்டக்கூடாது.' போட்டோக்காரப் பையன், "என்னங்கம்மா, வக்கீலா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.